மாடியில் கணக்கு வகுப்பு

யூனிஸ் அன்று கல்லூரிக்குப் போனாள். வகுப்புக்குப் போகவில்லை.

காலையில் பொன்னுசாமியின் சைக்கிள் ரிக்‌ஷாவில் புறப்பட்டவள் சாயங்காலம் அதே ரிக்‌ஷாவில் திரும்பினாள். இடைப்பட்ட நேரமெல்லாம் மாடிப்படிக்கு அடியில், மணி அடிக்கும் ஆயாவின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கட்டிக்கொண்டு போன எலுமிச்சை சாதம் அப்படியே திரும்பி வந்தது.

"இன்னாத்துக்கு அக்கா டப்பா கட்டிக் குடுக்கறே? பாப்பா ஒரு பருக்கை துண்ணல. தண்ணி கூட குடிக்கல," என்றான் பொன்னுசாமி.

"தண்ணி ஏன் குடிக்கல?" யூனிஸின் அம்மா ஞானசௌந்தரி தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமல் கேட்டாள்.

"குடிச்சா அப்பால பின்பக்கம் போவணும். அதுக்கும் படி கீதாமே."

மெஷின் நின்றது. பிறகு மறுபடி ஓடியது. பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். சீருடைத் துணி கூடம் முழுக்கக் குவிந்திருந்தது. யூனிஸ் கக்கத்துக் கட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். இடது காலின் இரும்புப் பட்டையைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஊசியை எடுத்து ஒரு சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்க ஆரம்பித்தாள். அழவில்லை.

எழுபத்திரண்டாம் வருஷம். ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி சாலையை ஒட்டிய வீடு. யூனிஸின் அப்பா எலியேசர் தாம்பரம் கார் ஷெட்டில் பிட்டர். மின்சார ரயில் பெட்டிகளுக்கு அடியில் பள்ளத்தில் நின்று தேய்ந்த பிரேக் கட்டைகளைக் கழற்றி மாற்றுகிற வேலை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவர் நகக்கண்ணில் கறுப்புப் போகாது. யூனிஸ் அவர்களுக்கு ஒரே பெண். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. சமதரையில் கட்டைகளை ஊன்றி நடப்பாள். படி ஏற மாட்டாள்.

நான் அந்த வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். பீச் ஸ்டேஷன் பக்கம் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. என் மனைவி நாகலக்ஷ்மி முந்தின வருஷம் ஆனியில் இறந்தாள். அதற்குப் பிறகு ராத்திரிச் சாப்பாடு முன்கட்டிலிருந்து வந்தது. ஞானசௌந்தரி தட்டுப் போட்டு மூடிக் கொண்டுவந்து வைப்பாள். நான் சாப்பிடுவேன். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பேன்.

யூனிஸ் பி.யூ.சி. படித்ததும் அதே கல்லூரியில்தான். ஹென்ரியட்டா பெண்கள் கல்லூரி, கிழக்குத் தாம்பரம். பி.யூ.சி. வகுப்பு கீழே கொட்டகையில் நடந்ததால் சிரமம் தெரியவில்லை. கணக்கில் கல்லூரியிலேயே முதல் மார்க். பி.எஸ்ஸி. கணக்குக்கு இடமும் கிடைத்தது. அது இரண்டாவது மாடியில் இருந்தது.

ஏன் இரண்டாவது மாடி என்பதை யூனிஸ்தான் எனக்குச் சொன்னாள்.

"கெமிஸ்ட்ரிக்குத் தண்ணிக் குழாய் வேணும் அண்ணா. பிசிக்ஸுக்குப் பெரிய மேஜையெல்லாம் வேணும். ஹோம் சயின்ஸுக்கு அடுப்பு வேணும். அதெல்லாம் கீழே. கணக்குக்கு என்ன வேணும்? ஒரு போர்டு, ஒரு சாக்பீஸ். எதுவும் வேண்டாத வகுப்புன்னு மேலே ஏத்திட்டாங்க."

"அப்போ கீழே இறக்குவதும் சுலபந்தானே?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

பிரின்சிபால் மிஸ் ரத்தினபாயிடம் போய்க் கேட்டாள். மிஸ் நல்லவர். சபையில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எலியேசர் குடும்பம் போகிற அதே சர்ச்தான். அவர், "ஹிஸ்டரி எடுத்துக்கோயேன் கண்ணு. அது கீழே இருக்கு," என்றார். யூனிஸ், "எனக்குக் கணக்குதான் வரும், மிஸ்," என்றாள். "காலேஜ் கவுன்சில் அனுமதி இல்லாம வகுப்பை மாத்த எனக்கு அதிகாரம் இல்லை," என்றார் மிஸ். வருகைப்பதிவு குறைந்தால் செப்டம்பர் கடைசியில் பெயரை எடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். அது விதி.

எலியேசர் அதிகம் பேசுகிறவர் அல்ல. இரவு ஷிப்ட் முடிந்து ஒரு நாள் நேராகக் கல்லூரிக்குப் போய்விட்டார். அதைப் பொன்னுசாமி வாசலில் ரிக்‌ஷாவுக்குக் காற்று அடித்துக்கொண்டே சொன்னான்.

"அதே கரிச் சட்டையோட வந்துட்டாரு சார். படிக்கு முன்னாடி முட்டி போட்டுக் குந்தினாரு. ஏறும்மான்னாரு. பாப்பா மாட்டேன்னுது. ஏறுடீன்னு ஒரு சத்தம் உட்டாரு பாரு, மரத்துல இருந்த காக்காயெல்லாம் பறந்துடுச்சி. ஏறிச்சி. அந்தக் கால் இரும்பு அவரு இடுப்புல டங்கு டங்குன்னு இடிக்குது. பொண்ணுங்கல்லாம் சுவரோட ஒட்டிகினு வயி உடுதுங்க. ஒண்ணு சிரிச்சிது. இன்னொண்ணு அதைக் கிள்ளிச்சி."

"மேலே போய்ச் சேர்ந்தாரா?"

"சேர்ந்தாரு. இறங்கி வர்றப்ப கைப்புடிச் சுவரைப் புடிச்சிகினு வந்தாரு. நான் சொன்னேன், அண்ணா, கணக்குப் பாடத்துக்கு இன்னாத்துக்கு மாடி? கூட்டறதுக்குக் கீய எடமில்லியா? சிரிக்கல சார். எப்பவும் சிரிப்பாரு."

மூன்று நாள் சுமந்தார். பிறகு கல்லூரியில் சொல்லிவிட்டார்கள், ஆண்கள் மாடிக்கு வரக்கூடாது என்று. பெண்கள் கல்லூரி. அதற்கும் விதி இருந்தது. எலியேசருக்கு முதுகு பிடித்துக்கொண்டு ஷெட்டில் இரண்டு நாள் லீவு போட்டார். ஞானசௌந்தரி நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சித் தேய்த்தாள். குப்புறப் படுத்தபடியே அவர் சொன்னார்: "பெட்டிக்கடியில நாள் பூரா நிமிந்தே நின்னுருக்கேன். அது ஒண்ணும் பண்ணல. எம் பொண்ணு கனக்கிறா."

"அப்பா, நான் கனக்கல. படி கனக்குது," என்றாள் யூனிஸ்.

"ரெண்டும் ஒண்ணுதான்மா."

"இல்லப்பா. ஆம்பளை மேலே வரக்கூடாதுன்னு ரூல் இருக்கு. நான் வராம போனா பேரை எடுக்க ரூல் இருக்கு. நான் எப்படி வர்றதுங்கிறதுக்கு மட்டும் ரூல் இல்லை. அது ஒண்ணைப் போடச் சொல்லுங்க."

அப்படித்தான் மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. அலுவலகத்தில் தினமும் அதைத்தான் செய்கிறேன். 'மிகத் தாழ்மையுடன் பணிந்து வேண்டிக்கொள்வது யாதெனில்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். 'தந்தை ஏழைத் தொழிலாளி', 'ஊனமுற்ற பெண்மேல் இரக்கம் கொண்டு' என்றெல்லாம் இருந்தது.

யூனிஸ் படித்தாள். ஊக்கு தைத்துக்கொண்டிருந்த ஊசியைத் தன் ரவிக்கையில் குத்திவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.

"இரக்கம் எதுக்குண்ணா?"

"கேட்கிற விதம் அது."

"இரக்கப்பட்டா எனக்கு மட்டும் படுவாங்க. பி.யூ.சி.யில கோவிலம்பாக்கத்துப் பொண்ணு ஒண்ணு இருக்கு. என்னை மாதிரிதான். அடுத்த வருஷம் அதுவும் பெஞ்சுல வந்து உக்காரணுமா?"

"வேறு எப்படி எழுதணும்?"

"எந்த வகுப்புல மாடி ஏற முடியாத மாணவி இருக்காளோ, அந்த வகுப்பு கீழே நடக்கணும். அவ்வளவுதான்."

"இவ்வளவு சின்னதாக இருந்தால் மரியாதையாக இருக்காது."

"மரியாதையை மேலயும் கீழயும் போட்டுக்கோங்க. நடுவுல இது இருக்கட்டும்."

அப்படியே எழுதினேன். அவள் வகுப்பில் திரிபுரசுந்தரி என்று ஒரு பெண். தினம் இடைவேளையில் இறங்கி வந்து நோட்ஸ் கொடுக்கிறவள். அவள் வகுப்பு முழுக்கச் சுற்றிக் கையெழுத்து வாங்கினாள், கீழே வர எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று. செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை கவுன்சில் கூடும், அன்று வரச் சொல்லி பிரின்சிபால் தகவல் அனுப்பினார்.

வெயில் தணியாத செப்டம்பர். திருநீர்மலைப் பக்கம் மேகம் கூடும். பொழுது சாய இடிக்கும். நாலு தூறல் போட்டுவிட்டுப் போய்விடும். கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. யூனிஸ் தினமும் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து வந்தாள். எதற்குப் போகிறாய் என்று எலியேசர் கேட்டதற்கு, "கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும்ப்பா," என்றாள்.

கவுன்சிலுக்கு முந்தின ஞாயிறு மதியம் ஞானசௌந்தரி கறிக்குழம்போடு வந்தாள். வழக்கமாக வைத்துவிட்டுப் போய்விடுவாள். அன்று நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். சர்ச்சுக்குக் கட்டிய வெள்ளைப் புடவையை இன்னும் மாற்றவில்லை. முகம் தெளிந்திருந்தது.

"தம்பி, இன்னைக்கு ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுட்டேன்."

எனக்குப் புரியவில்லை. சொன்னாள். சபையில் அது வழக்கம். பிறந்தநாள், கல்யாண நாள், வியாதி குணமானது, பரீட்சை பாஸ் என்று கவரில் காணிக்கை வைத்து, இன்னதற்காக என்று எழுதிக் கொடுப்பார்கள். சபைச் செயலாளர் தேவானந்தம் எழுந்து ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் சபை ஆமென் சொல்லும்.

"என்னன்னு எழுதினீங்க?"

"மகள் யூனிஸின் கால்களைக் கர்த்தர் குணமாக்கினதற்காக."

நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். "குணமாகலையே அக்கா."

"அதான் விசுவாசம். கிடைச்சப்புறம் எல்லாரும்தான் நன்றி சொல்லுவாங்க. ஜெபத்துல கேக்கிறதை வாங்கிட்டோம்னு நம்பினா அப்படியே ஆகும்னு வேதத்துல இருக்கு தம்பி. நம்பலேன்னா கேட்டுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "நாகுவுக்கு அப்போ நான் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். ஆஸ்பத்திரி வாசல்லயும் கேட்டேன். நன்றி சொல்லணும்னு தோணல. அந்தத் தப்பை மறுபடி பண்ணக்கூடாதுன்னுதான்."

அவள் போன பிறகு சாப்பிட்டு முடித்தேன். குழம்பில் உப்புச் சரியாக இருந்தது. பாத்திரத்தைக் கழுவி வைத்தேன்.

யூனிஸும் அந்த ஞாயிறு சர்ச்சுக்குப் போயிருந்தாள். ஆனால் உள்ளே போகவில்லை. பல வருஷமாகவே போனதில்லை. வாசலில் உயரமான கருங்கல் படிகள். சின்ன வயதில் தூக்கிப் போனார்கள். வளர்ந்த பிறகு ஜன்னலுக்குக் கீழே பூவரச மர நிழலில் பொன்னுசாமி ரிக்‌ஷாவை நிறுத்துவான். அவள் அதில் இருந்தபடியே பாட்டு, பிரசங்கம் எல்லாம் கேட்பாள். திருவிருந்து நாளில் எல்லோரும் வாங்கிய பிறகு குருவானவர், அவர்கள் வழக்கில் ஐயர், அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் எடுத்துக்கொண்டு படி இறங்கி வந்து அவளுக்குக் கொடுப்பார். தேவானந்தம் அவள் கால்கள் குணமானதை வாசித்தபோதும் அவள் அங்கேதான் இருந்தாள்.

"பாப்பா சிரிச்சிது சார்," என்றான் பொன்னுசாமி. "பொன்னுசாமி அண்ணே, எனக்குக் கால் வந்துடுச்சாம், இனிமே உனக்குச் சவாரி இல்லேன்னுது. அப்பால ஊடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல."

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். எலியேசர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பிரின்சிபால் அறை கீழேயே இருந்தது. நீள மேஜை. நாலைந்து பெரியவர்கள். மிஸ் ரத்தினபாய் ஓரத்தில். நடுவில் தேவானந்தம். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரிக் கவுன்சிலுக்கும் அவர்தான் செயலாளர்.

மனுவை அவர் இரண்டு முறை படித்தார்.

"நல்ல டிராப்ட். யார் எழுதினது?"

நான் தலையசைத்தேன்.

"சலுகை கேட்டிருந்தா பரவாயில்லை. ரூல் கேக்கறீங்களே. ரூல்னா எல்லாருக்கும்னு ஆயிடும். இன்னைக்குக் கால் இல்லாதவங்க, நாளைக்குக் கண்ணு தெரியாதவங்க வருவாங்க."

"வரட்டுமே சார்," என்றாள் யூனிஸ்.

"வந்தா?"

"படிப்பாங்க."

யாரோ மெல்ல இருமினார். தேவானந்தம் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யூனிஸ், உன்னை ஞானஸ்நானத்திலிருந்து எனக்குத் தெரியும். போன ஞாயித்துக்கிழமை என் வாயால வாசிச்சேன், மகளின் கால்களைக் கர்த்தர் குணமாக்கினதற்காகன்னு. சபையே ஆமென் சொல்லிச்சு. மிஸ் ரத்தினபாய் இருந்தாங்க. இவங்கள்லாம் இருந்தாங்க. எலியேசர், நீங்களும் இருந்தீங்க."

எலியேசர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கிறிஸ்தவ ஸ்தாபனம். குணமாயிட்டான்னு அங்கே நன்றி சொல்லிட்டு, மூணு வருஷத்துக்கு ஏற மாட்டான்னு இங்கே மினிட்ஸ்ல நான் எழுதலாமா? அது அவங்க அம்மா விசுவாசத்துக்கு எதிரா எழுதற மாதிரி ஆகாதா? நீங்களே சொல்லுங்க எலியேசர். அந்தக் காணிக்கை உண்மையா, இந்த மனு உண்மையா?"

அவர் குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது. அதுதான் பதில் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம். எலியேசர் வாயைத் திறந்தார். மனைவி சபை முன்னால் சொன்னது பொய் என்று அவர் சொல்ல வேண்டும். அல்லது பெண்ணுக்குக் கால் வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அவர் இரண்டையும் சொல்லவில்லை.

"குணமாகலை சார்," என்றாள் யூனிஸ். "தெரியுதே."

"அவிசுவாசமாப் பேசக் கூடாதும்மா."

"சார், திருவிருந்துக்கு ஐயர் படி இறங்கி எங்கிட்ட வர்றாரு. கர்த்தருடைய பந்தியே எனக்காகக் கீழே வருது. அல்ஜீப்ரா வராதா?"

மிஸ் ரத்தினபாய் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார். தேவானந்தம் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக்கொண்டே உரக்க வாசித்தார்: மாணவிக்குக் கர்த்தர் அருளிவரும் குணத்தைக் கவுன்சில் நன்றியுடன் குறித்துக்கொள்கிறது. ஆகையால் விதி எதுவும் தற்போது தேவைப்படவில்லை.

வெளியே வந்தோம். பொன்னுசாமி ரிக்‌ஷா சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். "இன்னா சார், இறக்கிட்டாங்களா?" என்றான். எலியேசர் கட்டைகளை வாங்கி வண்டியில் வைத்தார். "பேஜாராப் போச்சா," என்று தானே சொல்லிக்கொண்டு பெடலை மிதித்தான்.

வீட்டில் ஞானசௌந்தரி ஜெபத்திலிருந்து எழுந்து வந்தாள். எலியேசர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நடந்ததைச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. எப்போதாவது குடித்துவிட்டு வந்தால் கத்துகிறவர். அன்று கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் நன்றிதானே சொன்னேன்," என்றாள் அவள்.

"ஆமா."

"அதை எடுத்துக்கிட்டு இவளை அடிக்கிறாங்களா?"

"அடிக்கல. நன்றியுடன் குறிச்சுக்கிட்டாங்க."

அவள் மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். துணியை ஊசிக்கடியில் வைத்தாள். கால் மிதிக்கவில்லை. யூனிஸ் தவழ்ந்து போய் அம்மாவின் மடியில் தலையை வைத்தாள். "விடும்மா. நீ என்ன வேணும்னா பண்ணின?" ஞானசௌந்தரி அவள் தலையை நகர்த்திவிட்டு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

தேவானந்தம் வீட்டுக்குப் போயிருக்கிறாள். காணிக்கையைத் திருப்பிக் கொடுங்கள், எழுதினதை அழித்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காப்பி கொடுத்து, பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். கர்த்தருக்குப் போட்டதைத் திருப்பி எடுக்கிற வழக்கம் சபையில் இல்லை என்று. அழவும் வேண்டாம், விசுவாசத்தில் நிலைத்திரு அம்மா என்று.

மறுநாள் எங்கள் வீட்டில் மெஷின் சத்தம் இல்லை. உலை வைக்கவில்லை. நான் ஸ்டேஷன் பக்கம் போய் இட்லி வாங்கி வந்து முன்கட்டில் வைத்தேன். யூனிஸ் மட்டும் சாப்பிட்டாள். எலியேசர் ஷெட்டுக்குப் போகாமல் கூடத்தில் குந்திக்கொண்டிருந்தார். மரவேலை தெரிந்த ஒருவனிடம் சாய்வுப் பலகை போடக் கேட்கலாமா, இரண்டு மாடிக்கு எவ்வளவு நீளம் வரும் என்று என்னிடம் கேட்டார். பிறகு அவரே, தெருவரைக்கும் வரும் என்றார்.

"ஹிஸ்டரியே படிக்கட்டும் சார். என்ன குறைஞ்சு போச்சு?"

"அதுக்கும் தேதி முடிஞ்சு போச்சுப்பா," என்றாள் யூனிஸ் உள்ளேயிருந்து. "இனிமே கணக்கு, இல்லேன்னா காஜா."

மாத முடிவுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

ஞாயிறு காலை எலியேசருக்கு ஷிப்ட். ஞானசௌந்தரி என் அறை வாசலில் வந்து நின்றாள். "தம்பி, கூட வர்றீங்களா? உள்ள வர வேணாம். யூனிஸ் பக்கத்துல நில்லுங்க, போதும்." சட்டை மாட்டிக்கொண்டு ரிக்‌ஷாவுக்குப் பின்னால் சைக்கிளில் போனேன்.

பூவரச மரத்தடியில் நின்றோம். பழுத்த இலைகள் சீட்டில் விழுந்தன. யூனிஸ் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். உள்ளே பாட்டு. பிறகு அறிவிப்பு. தேவானந்தத்தின் குரல் கணீரென்று ஜன்னல் வழியே வந்தது. தயாளனின் பிறந்தநாளுக்காக. ஆமென். சவுரிமுத்து தம்பதியின் கல்யாண நாளுக்காக. ஆமென். ஏசுபாதம் அம்மாள் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக. ஆமென்.

அப்புறம் ஒரு பெண் குரல். முதலில் தெரியவில்லை, அவள் குரல் என்று.

"எனக்கு ஒண்ணு இருக்கு."

சர்ச்சில் அப்படி யாரும் எழுந்து பேசுவதில்லை. அதுவும் பெண்கள் பக்கத்திலிருந்து. ஜன்னலில் தலைகள் திரும்பியது தெரிந்தது.

"போன தடவை எம் மக காலு குணமாச்சுன்னு காணிக்கை போட்டேன். குணமாகலை." மூச்சு வாங்கினாள். "நான் கேட்டது கிடைக்கிறதுக்கு முன்னாடியே நன்றி சொல்லிட்டேன். கர்த்தர் இன்னும் குடுக்கல. குடுத்தா திரும்பச் சொல்லுறேன். இப்போ அவளால மாடி ஏற முடியாது. இந்தப் படியே ஏற முடியாமத்தான் வெளியே உக்காந்திருக்கா. ஆமென் சொன்னீங்களே, யாராச்சும் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தீங்களா? அவ வகுப்பைக் கீழே இறக்கச் சொல்லுங்க. அவளை மாதிரி வர்ற எல்லாருக்கும். அவ்வளவுதான்."

பிறகு பின்பெஞ்சிலிருந்து வயதான ஆண் குரல் ஒன்று, பழக்கத்தில், "ஆமென்" என்றது.

சிரிப்பு ஒன்று எழுந்து அடங்கியது. யூனிஸ் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். பொன்னுசாமி ஹாண்டில்பாரைப் பிடித்தபடி, "எங்கக்காடா," என்றான், யாரிடமும் இல்லை.

ஆராதனை முடிந்து ஜனங்கள் இறங்கி வந்தார்கள். அத்தனை வருஷத்தில் முதல் முறையாக எல்லோரும் ரிக்‌ஷாவைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்கள். தேவானந்தம் படி இறங்கி எங்களை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்.

கடைசியில் மிஸ் ரத்தினபாய் வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு ரிக்‌ஷாவின் அருகில் குனிந்தார்.

"நாளைக்கு வா. பழைய கொட்டகையில உங்க வகுப்பு இருக்கும்."

ஞானசௌந்தரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரூல் போட்டுட்டீங்களா மிஸ்?" என்றாள் யூனிஸ்.

"ரூல் எங்கிட்ட இல்லை கண்ணு. கவுன்சில் மறுபடி ஜனவரியிலதான் கூடும். மேலே ரூம் ஒழுகுதுன்னு எழுதி வெச்சிடறேன். ரிப்பேருக்கு வகுப்பை மாத்த எனக்கு அதிகாரம் உண்டு. யாரும் கேக்க முடியாது."

"ஒழுகுதா?"

"மழை வந்தா ஒழுகும்."

"மழை நின்னா, மிஸ்?"

மிஸ் ரத்தினபாய் அவள் கன்னத்தைத் தொட்டார். கேட்டை நோக்கிப் போனார்.

திங்கட்கிழமை யூனிஸ் வகுப்புக்குப் போனாள். போர்டை இரண்டு ஆயாக்கள் தூக்கி வந்தார்களாம். திரிபுரசுந்தரி பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தாளாம். டப்பா காலியாகத் திரும்பி வந்தது. பொன்னுசாமி அதைத் திறந்து எல்லோருக்கும் காட்டினான்.

பெயரை எடுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அந்த வாரம் முழுக்க வானம் வெளுத்துக் கிடந்தது. மேகம் திருநீர்மலையோடு நின்றுவிட்டது. வியாழக்கிழமை கொத்தனார் ஒருவரை அழைத்துக்கொண்டு தேவானந்தம் மாடிக்குப் போய்த் தளத்தைப் பார்த்துவிட்டுப் போனதாக யூனிஸ் சொன்னாள். விரிசல் ஒன்றும் பெரிதாக இல்லை, காய்ந்திருக்கிறது என்றாராம் கொத்தனார்.

அன்று சாயங்காலம் ஞானசௌந்தரி சாப்பாடு கொண்டுவந்தாள். கத்தரிக்காய் போட்ட நெத்திலிக் குழம்பு. வைத்துவிட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள். முன்கட்டில் எலியேசர் மகளின் கட்டைகளுக்கு அடியில் புது ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தார். சுத்தியல் சத்தம் கேட்டது.

"மழைக்கு ஜெபம் பண்ணுறேன் தம்பி," என்றாள்.

நான் தட்டை எடுத்தேன்.

"காணிக்கை போட்டுட்டீங்களா அக்கா?"

"இல்ல." புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "வரட்டும்."